பெயின்ட் அடிக்க ஏற்ற காலம்

"மழையில அடிச்சா உரிஞ்சிடும்னீங்க, கோடையில அடிச்சா வெடிச்சிடும்னீங்க. இப்ப என்ன சாக்கு?" பெயின்டரைப் பிடிபிடியென்று பிடித்தாள் வீட்டுக்காரம்மா.

"காலையில பனி விழுதும்மா, சுவரு ஈரமாயிடும். இன்னும் ஒரு மாசம் போகட்டும்."

"வேற பெரிய வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லுங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு வேலையும் இல்லம்மா. போன வருஷம் ஒரு வீட்டுல ஏணியிலேருந்து விழுந்தேன். அடிபட்டதெல்லாம் ஆறிடுச்சு. ஆனா ஏணியில கால் வச்சாலே உடம்பு நடுங்குது. முப்பது வருஷத் தொழில், வெளியில சொல்ல வெட்கமா இருக்கு."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மேல ஏற ஓர் ஆளைக் கூட்டிட்டு வாங்கண்ணே. கலர் கலக்கறதும் கீழ்ச்சுவரும் உங்க பொறுப்பு."

அவர் வாசல் சுவரின் பழைய பெயின்டைச் சுரண்டத் தொடங்கினார்.