தோட்டாவுக்குப் பொட்டு

"அந்தச் சட்டைப் பையில இருக்கறதையும் எடுத்து வைங்க" என்றாள் கலாவதி. கையில் சந்தனக் கிண்ணம்.

எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர் சேனாபதி பையைப் பொத்திக்கொண்டார். "இது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டுமே, கலா."

"ஆயுத பூஜைன்னா எல்லா ஆயுதமும்தாங்க. ஒண்ணை மட்டும் விட்டா சாமி கோவிச்சுக்கும்."

மணையில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் அவருடைய ரிவால்வர். பக்கத்தில் தோட்டாப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். முந்தின நாள் தோழி அதிதியின் வீட்டுக் கொலுவுக்குப் படி கட்டி, பொம்மை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்ததில் இடுப்பு விண்விண்ணென்று வலித்தது.

"இந்த ஃபார்ட்டி ஃபைவ் லாங் கோல்ட் தோட்டா எல்லாம் வந்தாச்சா?"

"லாங் கிடையாதுடி, வெறும் ஃபார்ட்டி ஃபைவ் கோல்ட். எத்தனை வருஷமா சொல்றேன்!" அவர் குரலில் பழைய உற்சாகம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி குதிரைப்படைக்குக் குடுத்த தோட்டா. இதை அடிச்சுக்க இன்னும் ஒண்ணு வரலை."

"எனக்கென்ன தெரியும்? எங்கம்மா வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"ரெண்டும் பித்தளைதானே. நீ புளி போட்டுத் தேய்க்கறே, நான் மெஷின்ல போட்டுத் தேய்க்கறேன்."

டெக்சஸுக்கு வந்த புதிதில் ஆபீஸ் நண்பர்களால் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தத் தோட்டாவின் கதைதான் கிடைக்கும். வேலை போனதும் அந்தப் பேச்சும் நின்றது. கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, ரிவால்வரை மடியில் வைத்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். "நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்று ஒரு நாள் கேட்டார்.

அந்தத் துப்பாக்கி இனி வீட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கலாவதி கெஞ்சினாள், அழுதாள். "என்னை நம்பலையா நீ?" என்று கேட்டவர் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். திறக்கும் எண் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மகள் அஞ்சனா நியூ ஜெர்சியிலிருந்து நாளைக் காலை வந்துவிடுவாள். இந்த ஒரு நாளைத் தள்ளியாக வேண்டும்.

பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது. போன வருஷம் மேனேஜர் அவசரமென்று கூப்பிட்டபோதுகூட, "லேப்டாப் சாமிகிட்ட இருக்கு" என்று மறுத்தவர் சேனாபதி. அந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தாள். வேலை போனதிலிருந்து கிழமைகூடத் தெரியாமல் இருந்த மனிதர், காலையில் அவள் "இன்னிக்கு ஆயுத பூஜைங்க" என்றதும் மறுபேச்சில்லாமல் பெட்டகத்தைத் திறந்துவிட்டார்.

"என்னங்க யோசனை? அதையும் வைங்க."

சேனாபதி பையிலிருந்த தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "இதைப் பையில வெச்சிருந்தா நானும் ஏதோ ஒரு ஆளுன்னு தோணுது."

"இல்லாட்டியும் நீங்க ஆளுதான். வைங்க."

அவர் அதை மணையில் நிறுத்தி வைத்தார். அதற்கும் பொட்டு வைத்தாள் கலாவதி.

"கற்பூரத்தைத் தள்ளி நின்னு காட்டு. எல்லாம் மருந்து அடைச்சது. ஸ்மோக் அலாரம் வேற கத்தும்."

"அமெரிக்காவுல சாமிக்குக்கூட நிம்மதி இல்லை" என்று முனகியபடி அவள் சமையலறை வாசலில் நின்றே கற்பூரம் காட்டினாள். இருவரும் விழுந்து கும்பிட்டார்கள்.

"நாளைக்குப் புனர்பூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தெரியுமில்லே?"

"தெரியும்."

சேனாபதி எழுந்திருக்கவில்லை. அவள் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குன்னும் தெரியும், கலா."