ஈரலுக்கு ஈரல்

காலை ஆறரை மணிக்கு ஜெயதாஸின் கட்டில் காலியாகக் கிடந்தது. விரிப்பை மடித்துக் கால்மாட்டில் வைத்திருந்தார்கள். லேகா வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"சேச்சி, இன்னா சாயா. குடிச்சோ." பின்னாலிருந்து நர்ஸ் தன்யா ஒரு தம்ளர் டீயை நீட்டினாள்.

"சாயாவா? ஏழு மணிக்கு எனக்கு ஆபரேஷன்லா? ராத்திரி முதல் ஒண்ணும் தொடப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய?"

"இன்னைக்கு சேச்சியைக் கொண்டு போகல்ல. பாக்கி டாக்டர் வந்து சொல்லும்." தன்யா தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே நடந்துவிட்டாள்.

லேகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெயதாஸ் ஓடிவிட்டார்!

பெருங்கடவிளை லேகாவின் மகன் அகிலேஷுக்குப் பதினொரு வயது. உடம்பில் செம்பு சேர்ந்து ஈரலை அரிக்கிற நோய்; ஆயிரமாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருமாம். அந்த ஒருவன் அவள் மகனாகப் போனான். ஈரலில் பாதியை அறுத்துக் கொடுக்க அவள் தயார்தான், ஆனால் ரத்தம் சேரவில்லை.

பாறசாலை ஜெயதாஸுக்கும் அதே கதி. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் ஜீனாவுக்கும் ஈரல் போய்விட்டது. அப்பா ஈரல் அவளுக்குச் சேரவில்லை. சோதித்துப் பார்த்தால் ஜெயதாஸுடையது அகிலேஷுக்குச் சேர்ந்தது, லேகாவுடையது ஜீனாவுக்குச் சேர்ந்தது. டாக்டர் இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி முடித்தார். "ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கணும். ஒருத்தர் பின்வாங்கினா மற்றவரையும் விட்டிருவோம்" என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

லேகா கணவன் சிஜுவுக்குப் போன் போட்டாள். அவன் நெய்யாற்றின்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா? ஊசி குத்தினதுக்கே மயங்கி விழுந்த மனுசனாக்கும்" என்று பொரிந்தான் சிஜு. "நேத்து ஏதோ பைக் ஆக்சிடென்ட் கேஸ் வந்துன்னு சொன்னியே? செத்த ஆளுக்க ஈரல் அவியளுக்குக் கிட்டியிருக்கும். இனி நம்ம எதுக்கு? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான்!"

அகிலேஷுக்கு இன்னும் இரண்டு வாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிப் பத்து நாளாயிற்று. லேகா ஆபரேஷன் தியேட்டர் பக்கம் ஓடினாள்.

தியேட்டருக்கு முன்னால் பெஞ்சில் ஜெயதாஸின் மனைவி ரத்னபாய் தனியாக இருந்தாள். காலடியில் ஒரு பை. ஜீனாவின் உடுப்பையெல்லாம் மடித்து அடுக்கியிருந்தாள்.

ஒரு மாசமாக இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்தவர்கள். அகிலேஷுக்குச் சோறு இறங்காத நாளில் ரத்னபாயும் பட்டினி கிடந்திருக்கிறாள். இப்போது அதெல்லாம் லேகாவுக்கு வெறும் நடிப்பாகத் தெரிந்தது.

"பையும் கட்டியாச்சா அக்கா?"

ரத்னபாய் நிமிர்ந்து பார்த்தாள். இமை தடித்து வீங்கியிருந்தது.

"ஒங்களுக்க காரியம் நடந்தாச்சு, இனி எனக்க மோன் செத்தா ஒங்களுக்கென்ன? அவனுக்குத் தலையில கை வச்சு ஜெபம் பண்ணினியளே, இதுக்கா? அண்ணன் எங்க? பாறசாலைக்குப் பஸ் ஏறியாச்சா?"

போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ரத்னபாய் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மெதுவா, மக்கா. அவரு எங்கயும் ஓடல்ல. ஆறு மணிக்கே உள்ள கொண்டு போயாச்சு. அகிலேஷையும் ஐ.சி.யூ.ல இருந்து நேரா கொண்டு வந்தாச்சு, உள்ளதான் கெடக்கான்."

லேகா கதவுக்கு மேலே பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் உடைந்து, ரத்னபாயின் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள்.

"பொறுக்கணும் அக்கா. பெத்த வயிறு பதறிப்போச்சு. நாக்கு என்னவெல்லாமோ சொல்லிப்போச்சு."

"நீ சொன்னதுல தப்பில்ல. டாக்டரே ரெண்டு தடவை கேட்டாரு, வேண்டாம்னா இப்பமும் விட்டிரலாம்னு. ரெண்டு தடவையும் இவரு பேப்பர்ல ஒப்பு போட்டுக் குடுத்தாரு. லேகாகிட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாண்டாம், அறிஞ்சா அவ தடுப்பான்னு சொல்லீட்டுத்தான் உள்ள போனாரு."

லேகாவின் காதில் பாதிதான் விழுந்தது. மகன் பிழைத்துவிடுவான், அதற்குமேல் அவளுக்கு இப்போது எதுவும் ஏறவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள்.

"அப்பம் என்னையும் கொண்டு போகச் சொல்லுங்க அக்கா. ராத்திரி முதல் நான் பச்சவெள்ளம் தொடல்ல. ஜீனாவுக்கு நேரமாவுதுல்லா?"

ரத்னபாய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"ஜீனா விடியக்காலம் நாலு மணிக்கே நம்மள விட்டுப் போயாச்சு, மக்கா."