எட்டுச் சீட்டில் ஒரு வீடு

சுலீயிடம் டாரட் சீட்டுக் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எதிர்காலம் தேவைப்படுவதில்லை. மதியம் சாப்பிட்ட பிறகு காலை நீட்டி உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். பாங்காக்கின் அந்த உயரமான அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால், பப்பாளிக்காய் இடிக்கிற கடைக்கும் செருப்புத் தைக்கிறவனுக்கும் நடுவில் அவள் மேஜை.

ஆளைப் பார்த்துத்தான் சீட்டைப் பரப்புவாள். இன்றைக்கு மேனேஜர் கத்துவாரா என்று கேட்டால் ஒற்றைச் சீட்டு. காதலன் பேசவில்லை என்றால் மூன்று. நேற்று, இன்று, நாளை. வந்ததுமே அழுதால் ஐந்து. வேலையை விட்டுவிடலாமா என்று மாதாமாதம் கேட்கிற லிஃப்ட்காரருக்குச் சிலுவை மாதிரி பத்து. பத்தையும் புரட்டி முடிப்பதற்குள் இடைவேளை தீர்ந்து, மனிதர் தானாகவே எழுந்து வேலைக்குப் போய்விடுவார்.

எட்டுச் சீட்டு மட்டும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது சுலீயும் அவள் புருஷன் வினாயும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியது. கழுத்திலும் கையிலும் தங்கம் கனக்க வருகிறவர்களுக்கு மட்டும்.

சீட்டுகளை ஒரு வீடு மாதிரி பரப்புவாள். கீழே வாசல், மேலே படுக்கையறை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கேள்வி. முற்றத்தில் காவல் தெய்வத்தின் குட்டி வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, செல்வம் எந்த மூலையில் தங்குகிறது, வாரத்தில் எந்த நாள் வீடு ஆளில்லாமல் மூச்சு விடுகிறது. பெற்ற பிள்ளை கேட்டால்கூடச் சொல்லாததை, சீட்டுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றால் முகவரியோடு சொல்லிவிடுவார்கள். மற்றது வினாயின் பாடு.

வினாய் ஏற்கெனவே நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். இன்னொரு தடவை மாட்டினால் சுலீயும் கூடவே போக வேண்டியதுதான். அதனால் வருஷத்துக்கு இரண்டே வீடு. அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை.

போன வியாழக்கிழமை வந்தவள் பெயர் கன்லயா. ஐம்பது வயதிருக்கும். பெரிய அதிகாரியின் மனைவி. குடும்பத்தில் நிம்மதி இல்லை என்றாள். சுலீ அவள் காப்பைப் பார்த்தாள், எட்டுச் சீட்டை எடுத்தாள்.

இப்படி ஒரு வாடிக்கை அதுவரை வாய்த்ததில்லை. கேட்காததையும் சொன்னாள். தாலிங் சானில் கால்வாய் ஓரம் மாடி வீடு. காவல் தெய்வம் தெருவைப் பார்த்திருக்கிறது, பின்பக்கம் கொய்யா மரம்தான். சமையலறை ஜன்னல் கொக்கி சரியில்லை. தங்கமெல்லாம் மாடியில், பழைய தையல் மெஷின் பெட்டிக்குள். வீடு மூச்சு விடுவது ஞாயிறு காலை பத்திலிருந்து இரண்டு வரை. கடைசிச் சீட்டாக, இடிந்து விழுகிற கோபுரம் வந்தது. ஒரு நல்ல மாற்றம் வரப்போகிறது என்று சுலீ வாழ்த்தி அனுப்பினாள்.

ஞாயிறு பத்தரைக்கு உள்ளே நுழைந்த வினாய் பதினொன்றுக்கு வெளியே வந்து, வழியில் ஒரு கிண்ணம் நூடுல்ஸும் சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்தான். ஏழு சங்கிலி, மூன்று காப்பு. எங்கேயும் இருமுறை தேட வேண்டியிருக்கவில்லையாம். அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்றான்.

இன்று வியாழன். கன்லயா மறுபடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவன்; ஒட்ட வெட்டிய தலை, காக்கிக் கால்சட்டை, கறுப்பு பூட்ஸ். நாலடி தள்ளி நின்று சுலீயையே பார்த்தான்.

போலீஸ்தான் என்று சுலீ முடிவு கட்டினாள். வினாயை ஓடச் சொல்லிப் போன் போடலாம் என்றால், கை தன் பாட்டுக்குச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்க மேடம். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"திருடு போயிடுச்சு சுலீ. ஞாயித்துக்கிழமை. நீ சீட்டுப் போட்ட அதே வீடு."

சுலீ நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அந்தக் கோபுரம் வந்தபோதே மனசு சரியில்லை என்றாள். பிறகு, போலீசில் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள்.

கன்லயா காக்கிக் கால்சட்டைக்காரனைத் திரும்பிப் பார்த்து, காரை நிழலில் போடச் சொன்னாள். அவன் சாவியைச் சுழற்றிக்கொண்டே போனான்.

டிரைவர். சுலீக்குப் பாதி மூச்சு வந்தது.

"என் சிநேகிதி பத்ராவுக்கும் நீ இதே எட்டுச் சீட்டுதான் போட்டே," என்றாள் கன்லயா. "அடுத்த வாரமே அவ வீடு தொடச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு. சீட்டு முன்னாடியே எச்சரிச்சும் தனக்குப் புரியலையேன்னு அவ இன்னும் அழறா. எனக்கு அவ்வளவு பக்தி இல்ல."

வந்த பாதி மூச்சும் போயிற்று. சுலீ சீட்டுக்கட்டை மேஜையில் வைத்தாள்.

"பயப்படாதே. யாரும் போலீசுக்குப் போகமாட்டாங்க. போனா, இத்தனை தங்கம் வாங்கித் தந்த அதிகாரி யாருன்னு கேப்பாங்கல்ல? அது என் வீடு இல்லடி. என் வீட்டுக்காரர் வச்சிருக்கிற சின்ன வீடு. ஞாயித்துக்கிழமை கோல்ஃப் ஆடப் போறேன்னுட்டு அவளைத்தான் ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போறாரு. அங்க வேலை செய்யற பொண்ணு எங்க ஊர்க்காரி, ஒண்ணு விடாம சொல்லிட்டா."

கன்லயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சீட்டுகளின் மேல் விரித்தாள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வரைந்த படம்.

"நொந்தபுரியில இன்னொருத்தி இருக்கா, அது மூணு மாடி, எட்டுச் சீட்டு பத்துமா?"