மூன்றாவது லீவு

ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர் விஜயபாண்டி, லீவு லெட்டரை மேசைமேல் வீசினார்.

"ஏலே முத்துவீரா, இந்த மாசத்துல இது மூணாவது லீவு! இப்ப என்ன?"

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் சார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"போன வாரம் ரேஷன் கார்டு, அதுக்கு முந்தி அக்கா வீட்டு விசேஷம். எல்லாத்துக்கும் நீதான் ஓடணுமா? வீட்டுக்குக் கடைசிப் பிள்ளதானலே நீ?"

"மூத்தவருக்கு நேரமே இல்லையே சார்."

விஜயபாண்டி எரிந்து விழுந்தார். "பொறுப்புல இருக்கவன் நெனச்ச நேரம் கெளம்ப முடியுமாலே?"

"அதான் நான் போறேன். சீக்கிரம் கையெழுத்தப் போடுண்ணே. நம்ம அம்மா கேட்டுக்கு வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்கு. பெரியவன் செத்த நேரம் வந்து முகத்தக் காட்டிட்டுப் போவானான்னு கேக்கச் சொல்லுச்சு."