முதுகில் வெள்ளைப் புள்ளி

புங்கந்தோப்பை வெட்டலாமா கூடாதா என்று பார்க்க, வண்டுகளைக் கணக்கெடுக்க ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். பொறியில் விழுந்த சில வண்டுகளின் முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்துப் பறக்கவிட்டார். அதில் ஒரு கருவண்டுக்கு அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை.

"ஆளைப் பார்த்துத்தான் வைக்கிறார், மச்சான்" என்று புள்ளி வாங்காத தன் மச்சான் வண்டிடம் சொல்லிக்கொண்டே திரிந்தது.

மறுபடி பொறி வைத்தபோது, புள்ளி வாங்கிய வண்டுகள் வாசலை அடைத்துக்கொண்டன. "புள்ளி இல்லாதவர்கள் ஒதுங்கி நில்லுங்கள்" என்று மச்சானையே தள்ளிவிட்டு உள்ளே போனது கருவண்டு.

பொறியைத் திறந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் நான் புள்ளி வைத்த பழைய வண்டுகளே; புதிதாக ஒன்றுகூட இல்லை. தோப்பில் மொத்தமே இவ்வளவுதான். தாராளமாக வெட்டலாம்."

வெளியே வந்த கருவண்டு, கிளைகொள்ளாமல் உட்கார்ந்திருந்த புள்ளியில்லாத வண்டுக் கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தியது. "கேட்டாயா மச்சான்? இந்தத் தோப்பிலேயே நாங்கள் மட்டும்தான் இருக்கிறோமாம்."