கேஸ் வாடை

கந்தகம் எரியும் உலைக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் நின்றதில் பால்துரைக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. அமில ஆலையிலிருந்து ஓய்வுபெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்தபின் தனியாகத்தான் பொங்கித் தின்றார். ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டு ஜெயராணி, சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள்.

"தெருவே நாறுது அண்ணாச்சி! உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலையேம்மா" என்றார். அந்த வீட்டுக்குள் இன்னொருவர் குரல் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது.

மறுநாள் அவரே போய் அவளைக் கூப்பிட்டார். "கேஸ் வாடை வருதான்னு ஒருதடவ பாத்துச் சொல்லேன்மா." அவள் வந்து மோந்துவிட்டு, இல்லை என்றாள். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். நாலாம் நாள் அடுப்படியில் குனிந்து பார்த்தவளுக்கு, அங்கே ரப்பர் குழாய் மட்டும்தான் தொங்குவது தெரிந்தது. பயந்துபோய் அவர் சிலிண்டரை முந்தாநாளே ஏஜென்சியில் கொடுத்துவிட்டு, கடைச் சாப்பாட்டுக்கு மாறியிருந்தார்.

பால்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெயராணி மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"இன்னைக்கு லேசா வர்ற மாதிரி இருக்கு அண்ணாச்சி. நாளைக்கும் வந்து பாக்கேன்."