சுத்தமான பிரதி

"பாத்து ஏறுங்க மகள், நடுவில ஒரு படி உடைஞ்சு கிடக்கு! உம்மாவைக் கையில பிடிச்சுக் கூட்டி வாங்க!"

மேல் மாடியிலிருந்து பிறெடி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டையை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். கணினித் திரையைத் தேயத் தேயத் துடைத்தார். தன் சேகரிப்பைப் பார்ப்பதற்கென்றே கொட்டாஞ்சேனைக்கு ஒருவர் தேடி வருவது இதுதான் முதல் தடவை. எதற்காக என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து வந்த நஸ்லா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். கையில் பெட்டி பிரிக்காத புது ஹார்ட் டிஸ்க். முக்காட்டைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்த அவளுடைய உம்மா தலையை அசைத்துவிட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"அங்கிள், பேஸ்புக்கில நீங்க போட்டதக் கண்ட நேரத்தில இருந்து எனக்கு நித்திரையே இல்ல. மெய்யாவே இருக்கா? அந்த 'சனிக்கிழமைச் சாளரம்' நிகழ்ச்சி?"

"முதல் நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும்! மழை எண்டாலும், ஊரடங்கு எண்டாலும், கரண்ட் போனாலும் பற்றரியைப் போட்டு ரேடியோவில இருந்து கசெட்டில பதிஞ்சிருவன்."

"ரேடியோ நிலையத்தில கேட்டம். அந்தக் காலத்து டேப் ஒண்டும் இல்லையாம். வேற எங்கயும் தேடிக் கிடைக்கல்ல."

"எங்கயும் இருக்காது!" பிறெடியின் நெஞ்சு நிமிர்ந்தது. "கசெட் பூஞ்சணம் பிடிக்கும். சீடி உரியும். அதால எல்லாத்தையும் கம்பியூட்டருக்கு மாத்தி மூண்டு பிரதி வச்சிருக்கன். ஒண்டு இங்க. ஒண்டு நீர்கொழும்பில மகள்ட வீட்டில. மற்றது இன்டர்நெட்டில. கடல் பொங்கி வந்தாலும் ஒண்டு தப்பும்."

"மனுசி தப்புவாளோ எண்டு மட்டும் கேட்டிடாதீங்க," என்று தேநீரோடு வந்தார் அவர் மனைவி அன்னபாக்கியம். "வீடு பத்தினா இவர் முதல்ல அந்தப் பெட்டியைத்தான் தூக்குவார்."

உம்மாவின் தோள்கள் குலுங்கின. சத்தமே வராத சிரிப்பு. என்ன அடக்கமான மனுசி என்று பிறெடி நினைத்துக்கொண்டார்.

"எனக்குப் பிறகு இத ஆர் பாக்கிறது எண்டுதான் மகள் கவலை. என்ர பிள்ளையள் திரும்பியும் பாக்காதுகள். நீங்க ஒரு பிரதி கொண்டு போனா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்."

"கட்டாயம் கொண்டு போவன். இப்ப ஒண்டு போட்டுக் காட்டுங்களேன். உம்மா விடியக்காலையிலேயே உடுத்திட்டுக் காத்திட்டு இருந்தா."

பிறெடி சொடுக்கினார். வயலின்கள் பொங்கி எழுந்தன. பாட்டு நேற்றுப் பதிந்ததுபோல் பளிச்சென்று இருந்தது. முன்னால் குனிந்து காதைக் கொடுத்த உம்மா, நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"அங்கிள், கொஞ்சம் முன்னுக்கு இருந்து போடுங்க. பாட்டுக்கு முந்தி."

"இதுதான் மகள் தொடக்கம்."

"அப்ப வேறொண்டு?"

வேறொன்றில் புல்லாங்குழல் எடுத்த எடுப்பிலேயே தொடங்கியது. இன்னொன்றில் தபேலா.

"எப்பிடி?" பிறெடி எழுந்தே விட்டார். பெருமையில் முகம் சிவந்து போயிருந்தது. "ஒரு தூசி இருக்கா? இதுதான் என்ர கைவேலை! பதிஞ்சதை அப்பிடியே விட்டா மனுசன் கேக்க ஏலாது. அந்த அறிவிப்பாளர் மனுசி இருக்கே, பாட்டு தொடங்க முந்தியும் கதை, முடிஞ்சாப் பிறகும் கதை. மட்டக்களப்பில இருந்து இவர் கேக்கிறார், மாத்தளையில இருந்து அவர் கேக்கிறார் எண்டு பேர் வாசிச்சே பாதி நேரம் போயிரும். பென்ஷன் எடுத்தாப் பிறகு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருந்து, ஒவ்வொண்டா வெட்டினன்."

"என்ர பேரையும் வெட்டிப்போட்டார்," என்றார் அன்னபாக்கியம். "கலியாண நாளுக்கு ஒரு பாட்டுக் கேட்டு, இவருக்குத் தெரியாம போஸ்ட்காட் போட்டனான். என்ன வடிவா என்ர பேரை வாசிச்சா அந்தப் பிள்ளை! அதையும் தூக்கி எறிஞ்சிட்டுப் பெருமை கதைக்கிறார்."

"நீங்க வெட்டின துண்டுகள்…" நஸ்லாவின் குரல் இறங்கிவிட்டிருந்தது. "ஒரு பக்கத்தில வச்சிருப்பீங்க தானே?"

"குப்பையை ஆர் மகள் சேத்து வைப்பினம்? அந்தக் கசெட்டுகளையும் குப்பை லொறியில ஏத்தி அனுப்பிட்டன். மூண்டு பிரதியையும் தலைகீழாப் பிரட்டிப் பாருங்க, அந்த மனுசிட ஒரு இருமல் சத்தம் கேட்டா நான் என்ர பேரை மாத்திறன்!"

சொல்லிக்கொண்டே அவர் புது டிஸ்க்கின் பெட்டியைப் பிரிக்கப் போனார். நஸ்லா மெதுவாக அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாட்டெல்லாம் என்ட போனிலயும் இருக்கு அங்கிள். தொண்டையில ஒப்பரேஷன் செஞ்சு உம்மாட குரலை எடுத்துட்டாங்க. பழைய குரல் கொஞ்சம் கிடைச்சா, அவ எழுதுறத போன் அதே குரல்ல கதைக்குமாம்." அவள் உம்மாவின் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேரெல்லாம் வாசிச்சது இவதான்."